மந்திரச் செலவு யார் கணக்கில்?

சென்ற இதழில் காசோலை வந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு லிஃப்டில் பார்த்த இரண்டு மூன்று பேர், "அடுத்தது டிமாண்ட் டிராஃப்டா சார்?" என்று கேட்டார்கள். இல்லை, இந்த முறை காமிக்ஸ். 36 வருடம் வங்கியில் பேரேடு எழுதியவனுக்குக் காமிக்ஸில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். விஷயம் கடைசியில் கணக்கில்தான் வந்து நிற்கும்.

மே மாத விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். ஜெனரேட்டர் பழுதாகி இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் எல்லோரும் கீழே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோமே, அந்த மத்தியானம். அவன் கையில் ஒரு டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் புத்தகம். படித்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று, "தாத்தா, மந்திரம் போட்டா இவருக்கு ஏன் உடம்பு வலிக்குது? நீங்க சின்ன வயசுல படிச்ச மந்திரவாதிக்கும் வலிக்குமா?" என்று கேட்டான்.

யோசித்துப் பார்த்தேன். எங்கள் காலத்து மந்திரவாதிக்கு வலித்ததே இல்லை. ஏன் வலிக்கவில்லை, எப்போதிருந்து வலிக்க ஆரம்பித்தது என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்களில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தது. முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. எனக்கு அப்போது 13 வயது. வகுப்பில் ஒருவன் வாங்கினால் முப்பது கை மாறி, அட்டை இல்லாமல்தான் அவனிடம் திரும்பும். மாயாவி என்று பெயர் வைத்தார்களே தவிர, அவர் மந்திரவாதி இல்லை. வேலியண்ட் என்ற பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் 1962-இல் தொடங்கிய கதை அது. லூயிஸ் கிராண்டெலுக்கு ஒரு கை இரும்பு. மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். கொஞ்ச நேரத்தில் சக்தி தீர்ந்துவிடும். மறுபடி மறைய வேண்டுமானால் மறுபடி ஷாக் வாங்க வேண்டும். கணக்கு சுத்தமாக இருந்தது. எவ்வளவு மறைகிறாயோ அவ்வளவு ஷாக்.

ஆனால் அதே முத்து காமிக்ஸில் வந்த மாண்ட்ரேக்கைப் பாருங்கள். உயரத் தொப்பி, மேலங்கி, மெல்லிய மீசை. விரலை இப்படி ஒரு அசைப்பு, எதிரியின் கையிலிருக்கும் துப்பாக்கி பாம்பாகிவிடும். வியர்வை கூடக் கிடையாது. லீ ஃபாக் என்ற அமெரிக்கர் எழுத, ஃபில் டேவிஸ் வரைய, 1934-இல் செய்தித்தாள்களில் தொடங்கிய தொடர் இது. இரண்டு வருடம் கழித்து வேதாளரை உருவாக்கியதும் இதே லீ ஃபாக்தான். சூப்பர்மேன் வருவதற்கு நான்கு வருடம் முன்பே வந்தவர் என்பதால், மாண்ட்ரேக்கையே முதல் சூப்பர் ஹீரோ என்று சொல்பவர்களும் உண்டு.

மாண்ட்ரேக்கின் வித்தை கண்கட்டு. துப்பாக்கி துப்பாக்கியாகவே இருக்கிறது, எதிரியின் கண்தான் ஏமாறுகிறது. எதுவும் உண்மையில் மாறவில்லை என்பதால் செலவும் இல்லை என்று அந்த வயதில் நினைத்தேன். இப்போது எடுத்துப் படித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. அவருக்குப் பின்னால் எப்போதும் நிற்கும் லோதார். ஆப்பிரிக்காவில் ஏழு இனங்களின் கூட்டமைப்புக்கு இளவரசன். அரசனாக வேண்டியவன் அதை விட்டுவிட்டு மாண்ட்ரேக்குக்குத் துணையாக வந்துவிட்டான். ஆரம்ப வருடங்களில் அவனைச் சிறுத்தைத் தோல் உடுத்தி, கொச்சை ஆங்கிலம் பேசும் வேலைக்காரனாகத்தான் வரைந்தார்கள். 1960களின் நடுவில் ஃபிரெட் ஃபிரெடெரிக்ஸ் வரைய வந்த பிறகுதான் லோதாருக்கு ஒழுங்கான பேச்சும் உடையும் கிடைத்தன. மாண்ட்ரேக் விரலை அசைப்பார், அடி விழும் இடத்தில் லோதார் நிற்பான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1938-இல் ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழ் வந்தது. சூப்பர்மேன் அறிமுகமான இதழ். அதே இதழின் உள்ளே ஜடாரா என்ற மந்திரவாதியும் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. மாண்ட்ரேக்கின் அசல் நகல்தான், தொப்பி உட்பட. ஒரு வித்தியாசம், இவர் வார்த்தைகளைத் திருப்பிப் போட்டுச் சொன்னால் அது நடக்கும். 'கதவு திற' என்பதை 'றதி வுதக' என்றால் கதவு திறந்துகொள்ளும். விகடகவி என்று சொன்னால் என்ன ஆகும் என்று பேரன் கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. இங்கேயும் செலவு பூஜ்யம், நாக்கு சுளுக்காமல் இருந்தால் சரி.

முதன்முதலாக ஒரு விலை என் கண்ணில் பட்டது 1940-இல் வந்த காப்டன் மார்வெலில். பில்லி பேட்சன் என்ற அநாதைச் சிறுவனைச் சுரங்கப் பாதை வழியாக ஒரு கிழட்டு மந்திரவாதியிடம் அழைத்துப் போகிறார்கள். ஷஜாம் என்பது கிழவரின் பெயர். அந்தப் பெயரை உரக்கச் சொன்னால் சிறுவன் பெரிய வீரனாகிவிடுவான். கிழவரின் சிம்மாசனத்துக்கு மேலே ஒரு பெரிய பாறை, ஒற்றை நூலில் தொங்குகிறது. சக்தியை ஒப்படைத்த உடனே நூல் அறுந்து பாறை விழுகிறது. நான் ஓய்வு பெற்ற அன்று பெட்டகச் சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டபோது எனக்கு இந்தப் படம்தான் ஞாபகம் வந்தது. நல்ல வேளை, எங்கள் கிளையில் தலைக்கு மேல் மின்விசிறி மட்டுமே இருந்தது.

இந்தத் தொடரில் இன்னொரு பையன் உண்டு, ஃப்ரெடி ஃப்ரீமேன். 1941-இல் வந்தவன். நாஜி வில்லன் ஒருவன் அவனுடைய தாத்தாவைக் கொன்று, அவனையும் நொண்டியாக்கிவிடுகிறான். காப்டன் மார்வெல் தன் சக்தியில் ஒரு பங்கை அவனுக்குக் கொடுக்கிறார். அவனுடைய மந்திரச் சொல் 'காப்டன் மார்வெல்'. அவனுடைய வீரப் பெயரோ காப்டன் மார்வெல் ஜூனியர். அதாவது, தன் பெயரைத் தானே சொல்ல முடியாது. சொன்னால் அந்த நொடியே ஊன்றுகோலோடு நிற்கும் பையனாகிவிடுவான். எழுதியவர்கள் வேடிக்கைக்காகத்தான் செய்திருப்பார்கள். எனக்கென்னவோ அதைப் படிக்கும்போது சிரிப்பு வரவில்லை.

கதைக்குள்ளே செலவு குறைவு, வெளியே அதிகம். காப்டன் மார்வெல் சூப்பர்மேனின் நகல் என்று 1941-இல் வழக்குப் போட்டார்கள். 12 வருடம் இழுத்து, 1953-இல் ஃபாசெட் நிறுவனம் 4,00,000 டாலர் கொடுத்து, இனி வெளியிடுவதில்லை என்று சமாதானம் செய்துகொண்டது. வேடிக்கையைப் பாருங்கள். வழக்குப் போட்ட நிறுவனமே 1972-இல் ஃபாசெட்டிடம் உரிமம் வாங்கி, பயன்படுத்தும்போதெல்லாம் கட்டணம் என்ற கணக்கில் அதே வீரனை மறுபடி வெளியிட்டது.

இதற்கிடையே 1954-இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதிமுறை போட்டுக்கொண்டார்கள். ரத்தக் காட்டேரி, நடமாடும் பிணம், ஓநாய் மனிதன் எதுவும் கூடாது. பயம் போனால் மந்திரத்துக்கு விலையும் போய்விடும். கொஞ்ச காலம் எல்லாம் இனிப்பு மிட்டாய் மந்திரம்.

1963-இல் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் வருகிறார். ஸ்டீவ் டிட்கோ வரைந்தது, ஸ்டான் லீயோடு சேர்ந்து உருவாக்கியது. பணத்திமிர் பிடித்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவர். கார் விபத்தில் கை நரம்புகள் பழுதாகி, கத்தி பிடிக்க முடியாமல் போகிறது. வேறொரு டாக்டருக்கு உதவியாளராக இருக்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கைகளைக் குணமாக்கிக்கொள்ள இமயமலையில் ஒரு முதிய குருவைத் தேடிப் போய், வேறு விஷயத்தைக் கற்றுக்கொள்கிறார். கை நடுக்கம் போகவில்லை. ஆனால் அந்தக் கைதான் மந்திர முத்திரை காட்டுகிறது.

இவருடைய மந்திரத்தில் ஒரு புதுமை உண்டு, எங்கள் தொழில்காரர்களுக்கு உடனே புரியும். சக்தி இவருடையது இல்லை, கடன். ஹோகோத், அகமோட்டோ, ஓஷ்டுர் என்று ஏதேதோ சக்திகளின் பெயரைச் சொல்லித்தான் ஒவ்வொரு மந்திரமும் போடுவார். ஆரம்பக் கதைகளில் டோர்மாமு என்ற பெயரையும் சொல்லி வரம் கேட்பார். 1964-இல் அந்த டோர்மாமு நேரில் வருகிறார், வந்தால் பரம எதிரி! கந்து வட்டிக்காரரின் முகத்தைப் பார்க்காமலே கடன் வாங்கியவர் கதைதான். 1990களின் தொடக்கத்தில் ஒரு கதையில், சக்தி கொடுத்த அந்த மூவரும் தங்களுக்காகப் போருக்கு வரச் சொல்கிறார்கள். ஸ்ட்ரேஞ்ச் மறுக்கிறார். கடன் வசதி ரத்து.

1971-இல் தணிக்கை விதிகளைத் தளர்த்தினார்கள். அடுத்த வருடமே சாத்தானோடு ஒப்பந்தம் போடும் கதாநாயகன் வந்துவிட்டான். கோஸ்ட் ரைடர், எழுதியவர் கேரி ஃப்ரெட்ரிக். ஜானி பிளேஸ் என்ற மோட்டார் சைக்கிள் சாகசக்காரன், தன்னை வளர்த்தவருக்குப் புற்றுநோய் என்று அறிந்து ஆத்மாவை எழுதிக் கொடுக்கிறான். சாத்தான் வாக்குத் தவறவில்லை. புற்றுநோய் குணமாகிறது. ஆனால் அந்த மனிதர் சாகசம் செய்யும்போது விழுந்து இறந்துவிடுகிறார். ஒப்பந்தத்தில் இருந்தது புற்றுநோய் மட்டும்தானே! கடன் பத்திரத்தின் பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களை வாரம் ஐந்து பேர் பார்த்தவன் நான். "எங்க சார் போடணும்?" என்பதைத் தவிர வேறு கேள்வியே இருக்காது.

இதைவிடப் பெரிய கதை கதைக்கு வெளியே நடந்தது. ஃப்ரெட்ரிக் தான் உருவாக்கிய கோஸ்ட் ரைடரின் உரிமை கேட்டு 2007-இல் மார்வெல் மீது வழக்குப் போட்டார். 2011-இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒரு காரணம், அவர் 1978-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம். மற்றொன்று, சம்பளக் காசோலைகளின் பின்பக்கத்தில் உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக அச்சிட்டிருந்தார்களாம், அதன் கீழே அவர் மேலெழுத்துப் போட்டுப் பணம் வாங்கியிருக்கிறார். சென்ற இதழில் மேலெழுத்தைப் பற்றி நான் எழுதியது நினைவிருக்கிறதா? ரசிகர்களிடம் அவர் கோஸ்ட் ரைடர் பொருட்களை விற்றதற்காக 17,000 டாலர் கட்ட வேண்டும் என்றும் ஆனது. 2013-இல் மேல்முறையீட்டில் முதல் தீர்ப்பு ரத்தாகி, பிறகு இரு தரப்பும் சமாதானம் செய்துகொண்டன. 2018-இல் அவர் காலமானார். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரும் 1938-இல் அந்தப் பாத்திரத்தின் உரிமையை விற்றது 130 டாலருக்கு.

இனி வருபவர் எனக்கு மிகப் பிடித்தவர், ஆனால் வீட்டுக்கு அழைக்க மாட்டேன். ஜான் கான்ஸ்டன்டைன். ஆலன் மூர் எழுதிய ஸ்வாம்ப் திங் கதையில் 1985-இல் வந்தார். 1988 முதல் 2013 வரை ஹெல்பிளேஸர் என்று 300 இதழ்கள் தனியாக ஓடியது. கசங்கிய கோட்டு, வாயில் சிகரெட், லிவர்பூல்காரர். பெரிய மந்திரம் எதுவும் செய்து காட்ட மாட்டார், பேச்சில்தான் ஜெயிப்பார். இளம் வயதில் ஒரு சிறுமியைக் காப்பாற்றுகிறேன் என்று நியூகாஸில் நகரில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு பிசாசை வரவழைக்கிறார். அது அந்தக் குழந்தையையே நரகத்துக்கு இழுத்துப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கதையிலும் அவர் தப்பிப்பார், கூட இருந்தவர் யாராவது சாவார். செத்த நண்பர்களின் ஆவிகள் அவர் பின்னாலேயே நடந்து வரும். லோதாரை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, இதற்காகத்தான். மாண்ட்ரேக் காலத்தில் பின்னால் நிற்பவனின் நஷ்டத்தை யாரும் எழுதவில்லை. ஹெல்பிளேஸர் அந்தப் பற்றுப் பக்கத்தைத் திறந்து காட்டியது.

1991-இல் கார்த் எனிஸ் எழுதிய கதையில் கான்ஸ்டன்டைனுக்கு நுரையீரல் புற்றுநோய். அத்தனை சிகரெட்டுக்கு வந்த பில். நரகத்தின் தலைவன் அவருடைய ஆத்மாவுக்காகக் காத்திருக்கிறான். இவர் என்ன செய்கிறார் தெரியுமா? தலைவனுக்குத் தெரியாமல் நரகத்தின் மற்ற இரண்டு பிரபுக்களிடமும் அதே ஆத்மாவைத் தனித்தனியாக விற்றுவிடுகிறார். இவர் இறந்தால் மூவரும் உரிமை கொண்டாடிச் சண்டை போட வேண்டும், நரகமே அழிந்துவிடும். வேறு வழியில்லாமல் மூவரும் சேர்ந்து அவர் நோயைக் குணப்படுத்துகிறார்கள். எங்கள் காலத்தில் ஒரே வீட்டுப் பத்திரத்தை வைத்து இரண்டு வங்கியில் கடன் வாங்கிய ஆளைப் பார்த்திருக்கிறேன். வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் கடன் கொடுத்த அதிகாரிகளின் முகமும் அந்தப் பிசாசுகளின் முகம் போலத்தான் இருந்தது.

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2007-இல் ஸ்பைடர்மேன் கதையில் அவனுடைய மே அத்தை குண்டடி பட்டுச் சாகக் கிடக்கிறார். மெஃபிஸ்டோ என்ற பிசாசு காப்பாற்றுகிறேன் என்கிறது, விலை ஸ்பைடர்மேனின் திருமணம். கணவனும் மனைவியும் சம்மதிக்கிறார்கள். திருமணமே நடக்காதது போல் ஆகி, இருவருக்கும் அது மறந்துவிடுகிறது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். என் ஆட்சேபம் வேறு. பேரேட்டில் தப்பு வந்தால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். பிளேடு வைத்துச் சுரண்டக் கூடாது. சுரண்டினால் வேலை போய்விடும். கொடுத்த விலை கொடுத்தவருக்கே நினைவில்லை என்றால் அது சுரண்டல்.

இப்போது பேரனின் கேள்விக்கு வருகிறேன். அவன் வைத்திருந்தது 2015-இல் ஜேசன் ஆரன் எழுத, கிறிஸ் பச்சாலோ வரையத் தொடங்கிய டாக்டர் ஸ்ட்ரேஞ்ச். இதில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் விலை உண்டு. ஸ்ட்ரேஞ்ச் நம்மைப் போல இட்லி தோசை சாப்பிட முடியாது. வயிறு கெட்டுப்போய், உதவியாளர் வாங் சமைத்துத் தரும் நெளியும் பதார்த்தங்களைத்தான் விழுங்குகிறார். தன் வலியில் கொஞ்சத்தை வெளியே தள்ளி வீட்டின் நிலவறையில் பூட்டி வைத்திருக்கிறார். அது உருவம் எடுத்து உறுமிக்கொண்டிருக்கிறது. இவ்வளவும் கொடுத்துத்தான் வாழ்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இல்லை. அந்தக் கணக்கு நேராகவே இல்லை. அவர் இத்தனை வருடம் போட்ட மந்திரங்களுக்கு அந்த வலி போதாது, அவர் எப்போதோ செத்திருக்க வேண்டும். மீதி எங்கே போகிறது? இமயமலையில் ஒரு ரகசியக் கோயில். அங்கே சீடர்கள் வரிசையாக இருந்து அவருக்கு வர வேண்டிய வலியைத் தாங்கள் வாங்கிக்கொள்கிறார்கள். ஏற்பாடு செய்தவர் வாங். 1963-இல் முதல் கதையில் பெயர்கூட இல்லாமல் கதவைத் திறந்துவிட்ட அந்த வேலைக்காரர்! ஸ்ட்ரேஞ்சுக்கு இது தெரியாது.

"அவங்க ஏன் தாத்தா ஒத்துக்கிட்டாங்க?" என்றான் பேரன்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்கு 1988 ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்துக் கவுன்டரில் இருந்த நண்பர் தங்கை கல்யாணத்துக்குப் பணியாளர் சங்கத்தில் கடன் வாங்கினார். ஜாமீன் கையெழுத்து நான். எட்டு மாதம் கட்டினார், பிறகு லீவு போட்டவர் திரும்பி வரவில்லை. மீதித் தவணை என் சம்பளத்தில், மாதம் 310 ரூபாய், 28 மாதம். வீட்டில் சொல்லத் தைரியம் இல்லை. பி.எஃப். கடன் பிடித்தம் என்று சொல்லிவிட்டேன். ஒரு லிட்டர் பால் அரை லிட்டரானது. தீபாவளிக்குக் குழந்தைகளுக்கு மட்டும் துணி. ஏன் என்று மனைவி ஒரு நாளும் கேட்கவில்லை. கையெழுத்தும் நான்தான், கஷ்டப்படுவதும் நான்தான் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய தியாகி மாதிரி.

ஓய்வு பெற்ற பிறகு பழைய காகிதங்களைக் கிழித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சங்கத்தின் ரசீதுக் கட்டு கிடைத்தது. மறைக்கப் போனேன். "அதை எதுக்கு ஒளிக்கறீங்க? எனக்கு அப்பவே தெரியும். அவர் சம்சாரம் ஒரு நாள் வந்து அழுதுட்டுப் போனாங்க" என்றாள். அவ்வளவுதான், மேற்கொண்டு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

மரத்தடியில் பேரனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "வாங்கைப் பிடிச்சிருந்ததோ என்னவோ" என்று மழுப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கீரை ஆய்ந்துகொண்டே, "அந்த டாக்டருக்குத் தெரிஞ்சப்புறம் என்ன பண்ணாரு?" என்று அவனிடம் கேட்டாள். அவன் பக்கத்தைப் புரட்டித் தேடுவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. லிஃப்டுக்கு ஓடினோம்.

அந்தப் புத்தகத்தைப் பேரன் விட்டுப் போயிருக்கிறான். கிளப் ஹவுஸ் நூலக அலமாரியில் நடுத் தட்டில் வைத்திருக்கிறேன், ஆங்கிலப் பதிப்பு. கூடவே என்னிடம் இருந்த பழைய மாண்ட்ரேக் இதழ்கள் நான்கு, பைண்டு செய்தது. அதைக் கிழிக்காமல் படித்துத் திருப்பி வையுங்கள். ஹெல்பிளேஸர் தொகுப்பு மேல் தட்டில் இருக்கிறது. அது பெரியவர்களுக்கு மட்டும். எடுப்பவர்கள் பதிவேட்டில் ஃபிளாட் எண்ணும் தேதியும் எழுதிக் கையெழுத்திடவும்.